உறுதியைப் போலச் சுவரையும் வாசிக்க வேண்டும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று நம்மவர் சொல்வதுண்டு. வீடு கட்டுவதிலுள்ள சிரமத்தை எடுத்துரைக்கும் இம்முதுமொழி, இன்னொருவர் கட்டிய வீட்டைப் பொறுப்பேற்பதிலுள்ள சிரமத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. காணி விலையும் கட்டடப் பொருட்களின் விலையும் உயர்ந்துவிட்ட இக்காலத்தில், பழைய வீடொன்றை வாங்குவோரும், பெற்றோரின் வீட்டைச் சீதனமாகவோ முதுசமாகவோ பெறுவோரும், நெடுங்காலம் பூட்டிக் கிடந்த சொந்த வீட்டுக்குத் திரும்புவோரும் பெருந்தொகையினராக உள்ளனர். வாழ்நாள் சேமிப்பும், வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணமும், வங்கிக் கடனும் ஒன்றாகத் திரண்டு ஒரே வீட்டில் முடங்குகின்றன.

அவ்வாறு ஒரு வீட்டை வாங்கும்போது நாம் எதை ஆராய்கின்றோம்? உறுதியை ஆராய்கின்றோம். நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் முப்பது வருடங்கள் பின்னோக்கித் தேடுகின்றார். ஈடு உண்டா, வழக்கு உண்டா, உரித்தாளர் எவரேனும் ஒப்பமிடாது விடுபட்டுள்ளனரா என்று பார்க்கப்படுகின்றது. நில அளவையாளர் எல்லைகளை அளக்கின்றார். இவையனைத்தும் அவசியமானவையே. ஆனால் வீட்டையோ ஒரு விடுமுறை நாளில் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்து, புதிதாகப் பூசப்பட்ட வண்ணத்தில் மனம் நிறைந்து, முற்பணத்தைக் கொடுத்துவிடுகின்றோம். கூரைக்கு மேல் எவரும் ஏறிப் பார்ப்பதில்லை. மின்மானிப் பெட்டியை எவரும் திறந்து பார்ப்பதில்லை. மலக்குழி எங்கேயிருக்கின்றது என்று கேட்பவர்கள் கூடச் சிலரே.

முதற் கேள்வி கட்டிய ஆண்டு

அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் இவ்வேலைக்கெனத் தனியான ஒரு தொழில் உண்டு. வீட்டுப் பரிசோதகர் எனப்படும் இவர், விற்பவருக்கோ தரகருக்கோ கட்டுப்படாதவர். வாங்குபவரின் கட்டணத்தில் வாங்குபவருக்காகப் பணிபுரிபவர். அமெரிக்காவில் இத்தொழிலினருக்கான சங்கம் 1976ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டுவிட்டது. பரிசோதகர் சுவரை உடைப்பதில்லை. ஏணி, கைவிளக்கு, ஈரத்தை அளக்கும் சிறுகருவி, மின் சோதனைக் கருவி ஆகியவற்றுடன் சில மணி நேரம் கூரையிலிருந்து அத்திவாரம் வரை பார்த்து, கண்டவற்றை எழுத்தில் தருகின்றார். வீட்டின் விலையை மதிப்பிடுவது அவருடைய பணியன்று. வீடு எந்நிலையில் உள்ளது, எதை உடனே திருத்த வேண்டும், எது சில ஆண்டுகள் தாங்கும் என்பதையே அவர் கூறுகின்றார்.

அனுபவமிக்க பரிசோதகர் படலைக்குள் நுழையும்போதே அறிய விரும்புவது, வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதையாகும். ஒவ்வொரு காலமும் தான் நம்பிய பொருட்களைக் கொண்டே வீடு கட்டியது. அந்த நம்பிக்கைகளிற் சில பின்னாளில் பிழைத்துவிட்டன. அமெரிக்காவில் 1940களுக்கு முந்திய வீடென்றால், பீங்கான் குமிழ்களில் தாங்கி இழுக்கப்பட்ட பழைய மின்கம்பிகளை அவர் தேடுவார். 1965க்கும் 1973க்கும் இடைப்பட்டதென்றால், செம்பின் விலையேற்றத்தால் பயன்படுத்தப்பட்ட அலுமினிய வயர்களின் பொருத்துக்கள் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தை நினைப்பார். 1978க்கு முந்தியதென்றால், அவ்வாண்டில் வீட்டுப் பாவனைக்குத் தடை செய்யப்பட்ட ஈயம் கலந்த வண்ணப்பூச்சைச் சந்தேகிப்பார். 1970களின் இறுதியிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை கட்டப்பட்டதென்றால், திடீரென வெடித்து ஒழுகும் பொலிபியூட்டிலீன் நீர்க்குழாய்கள் உள்ளனவா என்று பார்ப்பார். இவற்றைப் பொருத்தியவர்கள் ஏமாற்றுக்காரர் அல்லர். அன்றைய சந்தை சிறந்ததென்று கூறியதையே அவர்கள் பொருத்தினர்.

நமது நாட்டில் இத்தகைய தொழில் வேரூன்றவில்லை. எனினும் நமது வீடுகளுக்கும் வயதுண்டு. அந்தந்த வயதுக்குரிய நோய்களும் உண்டு. அவற்றை அறிந்துகொண்டால், நல்லதொரு மேசனையும் தச்சரையும் மின்னிணைப்பாளரையும் அழைத்துச் சென்று எதைக் காட்ட வேண்டும் என்பதையாவது நாம் அறிந்தவர்களாவோம்.

சுண்ணாம்புக் காலத்து வீடுகள்

ஏறத்தாழ 1950க்கு முந்திய வீடுகளைச் சுண்ணாம்புக் காலத்து வீடுகள் எனலாம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளும், கிழக்கிலும் மன்னாரிலும் எஞ்சியுள்ள பழைய கல்வீடுகளும், கொழும்பின் பழைய தெருக்களிலுள்ள விறாந்தை வீடுகளும் இவ்வகையின. தடித்த சுவர், சுண்ணாம்புச் சாந்து, பனை மரத்தாலோ பிற வைர மரத்தாலோ ஆன கூரை, களிமண் ஓடு என்பன இவற்றின் அடையாளங்கள். நன்கு பராமரிக்கப்பட்டால் இவை இன்னும் பல தலைமுறைகளுக்கு நிற்கக் கூடியவை. பழையது என்பதனாலேயே இடிக்க வேண்டும் என்ற எண்ணம் தவறானது.

இவ்வீடுகளில் முதலிற் பார்க்க வேண்டியது முகட்டின் கோடு. வீதியில் நின்று பார்க்கும்போது முகடு நேராக இருக்கின்றதா, நடுவில் தொய்ந்திருக்கின்றதா என்பது கூரை மரங்களின் நிலையைச் சொல்லிவிடும். அடுத்து, வளைகளும் தீராந்திகளும் சுவருக்குள் நுழையும் முனைகளைப் பார்க்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி உறுதியாக இருக்க, ஈரம் தங்கும் அம்முனைகளே முதலில் உக்குகின்றன. கறையான் மரத்தின் வெளித்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்பதால், கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானித்தல் ஆகாது. கூரிய ஆணியாற் குத்தியும் சுத்தியலாற் தட்டியும் பார்க்க வேண்டும்.

இவ்வீடுகளுக்கு இழைக்கப்படும் பெருந்தீங்கு திருத்தம் என்ற பெயரிலேயே வருகின்றது. சுண்ணாம்புச் சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சினாலும், அதனைத் தன் மேற்பரப்பின் வழியே காற்றில் வெளியேற்றிவிடும். அதன் மேல் சீமெந்துப் பூச்சைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள்ளேயே தங்கி, மேலும் உயரத்துக்கு ஏறுகின்றது. சில ஆண்டுகளிற் பூச்சு பொருமி விழ, உள்ளே சாந்து மாவாக உதிர்ந்திருப்பதைக் காணலாம். எனவே பழைய வீட்டில் புதிய சீமெந்துப் பூச்சைக் கண்டால் மகிழ்ச்சியடைவதற்கு முன், அது எப்போது, ஏன் பூசப்பட்டது என்று கேட்க வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து.

இவ்வீடுகளின் மின்னிணைப்பு பின்னர் சேர்க்கப்பட்டது. பி.வி.சி. உறையிட்ட வயர்கள் பரவலாவதற்கு முன் றப்பர் உறையிட்ட வயர்களே பாவனையிலிருந்தன. பல பத்தாண்டுகள் சென்றபின் அந்த றப்பர் காய்ந்து, தொட்டாலே உதிரும். மரச்சட்டங்களுக்குள் ஓடும் இத்தகைய வயர்களில் ஒரு பகுதியை மாற்றிப் பயனில்லை. முழுவதையும் அகற்றிவிடுவதே பாதுகாப்பானது.

சீமெந்தை நம்பிய காலம்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் வடக்கிலும் நாட்டின் பிற பகுதிகளிலும் சீமெந்து சாதாரண குடும்பங்களுக்கும் எட்டிய பொருளாயிற்று. யன்னல்களுக்கு மேலே கொங்கிறீற் நிழல்தட்டு, முன்புறத்தே கொங்கிறீற் போட்டிக்கோ, சமையலறைக்கு மேலே தட்டைக் கூரை என்று 1950களிலிருந்து 1970கள் வரையான வீடுகள் புதுத் தோற்றம் பெற்றன.

இக்காலத்து வீடுகளின் நோய் கம்பியில் உள்ளது. கொங்கிறீற்றின் காரத்தன்மை உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு உட்புகுந்து அக்காரத்தன்மையைக் குறைக்கின்றது; கடலோரங்களில் உப்பும் சேர்ந்துகொள்கின்றது. துருப்பிடித்த கம்பி பல மடங்கு பருத்துக் கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கின்றது. கம்பிக்கு மேல் ஓர் அங்குலமாவது கொங்கிறீற் மூடியிருக்க வேண்டும் என்பதை அக்காலத்தில் பலர் பொருட்படுத்தவில்லை. ஆகவே நிழல்தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கபில நிறக் கறையோ, கம்பியின் வழியே நேராக ஓடும் வெடிப்போ காணப்பட்டால் துரு தொடங்கிவிட்டது என்பது பொருள். தடியொன்றினால் தட்டும்போது வெற்றொலி கேட்டால், அப்பகுதி எப்போதும் விழலாம். அதன் கீழேதான் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குகின்றனர் என்பதை மறந்துவிடக் கூடாது.

இக்காலத்திலிருந்தே அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடும் பரவலாயிற்று. அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை ஏற்படுத்த வல்லவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடாகும். 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தவிருந்த இலங்கை அரசாங்கம், 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்ததையடுத்து அம்முடிவிலிருந்து பின்வாங்கியமை குறிப்பிடத்தக்கது. உடையாத, உதிராத தகடு கூரையில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அதனை வெட்டும்போதும், துளையிடும்போதும், பாசியை அகற்றவெனக் காய்ந்த நிலையிற் சுரண்டும்போதும் எழும் நுண்ணிய தூசே சுவாசப்பையைச் சென்றடைகின்றது. பழைய தகட்டைக் கழற்ற நேர்ந்தால் நனைத்து, உடைக்காமல், முகக்கவசமணிந்து இறக்க வேண்டும்.

பழைய எனாமல் வண்ணப்பூச்சும் கவனத்துக்குரியது. இலங்கையில் வண்ணப்பூச்சிலுள்ள ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு 2013இன் தொடக்கத்திலிருந்தே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பூசப்பட்ட கதவுகளையும் யன்னல்களையும் கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசெழுப்புதல் ஆகாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றது.

ஒரு மாடிக்கு இட்ட அத்திவாரம்

1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர், மத்திய கிழக்கிலிருந்தும் பின்பு மேலை நாடுகளிலிருந்தும் பணம் வரத் தொடங்கியது. வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் வலுவாக உள்ளது. மூத்தவளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேல்மாடி என்று பெற்றோர் தீர்மானிக்கின்றனர். காணி குறுகிய காத்தான்குடி, கல்முனை போன்ற இடங்களிலும் கொழும்பின் நெருக்கமான பகுதிகளிலும் இது தவிர்க்க முடியாததாகிவிட்டது. ஆனால் கீழ்வீடு கட்டப்பட்டபோது இடப்பட்ட அத்திவாரம் ஒரு மாடிக்குரியதா, இரண்டுக்குரியதா என்பதை அறிந்தவர் அந்த மேசன் ஒருவரே. அவரும் இன்று உயிரோடு இல்லாமல் இருக்கலாம்.

இத்தகைய வீட்டில் வெடிப்புகளை வாசிக்கத் தெரிய வேண்டும். பூச்சில் தலைமயிர் அளவில் வலைபோலப் பரவும் வெடிப்பு, பூச்சு விரைந்து காய்ந்ததால் ஏற்பட்டது, அஞ்ச வேண்டியதில்லை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு, கற்களின் பொருத்து வழியே படிபோல ஏறி இறங்கும் வெடிப்பு, அத்திவாரம் ஒருபுறம் தாழ்வதைக் குறிக்கலாம். ஒரு சிறு நாணயம் நுழையுமளவுக்கு அது அகன்றிருந்தாலோ, கதவுகளும் யன்னல்களும் திடீரென இறுகிக்கொண்டாலோ பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் காட்டாமல் விடுதல் ஆபத்தானது. வெடிப்பு இன்னும் வளர்கின்றதா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. அதற்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தினால் ஒட்டித் திகதியை எழுதிவிட்டு, ஒரு மாரிகாலமும் ஒரு கோடைகாலமும் பொறுத்திருக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் வீடு இன்னும் அசைகின்றது. விற்பனைக்கு வரும் வீட்டில் இத்தனை காலம் பொறுக்க இயலாது என்பதனால், புதிதாக அடைக்கப்பட்டு வண்ணம் பூசப்பட்ட வெடிப்பைப் பழைய வெடிப்பைவிடக் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

மின்சாரமும் அவ்வாறே. இரண்டு மின்குமிழும் ஒரு வானொலியும் இருந்த வீட்டில் இன்று குளிரூட்டியும், மின்னழுத்தியும், நீர்ச்சூடாக்கியும் இயங்குகின்றன. வயர் அன்று இழுத்ததுதான். ரிப் சுவிட்ச் இருக்கின்றதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகின்றதா என்று பார்ப்பதற்கு எவருடைய உதவியும் தேவையில்லை. மனிதரைக் காக்கும் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்க வேண்டும். ஏர்த் எனப்படும் புவித்தொடுப்பு உண்மையில் நிலத்தை அடைகின்றதா, அல்லது வயர் மட்டும் சுவருக்குள் நின்றுவிட்டதா என்பதைத் தகுதி பெற்ற மின்னிணைப்பாளர் கருவி கொண்டு அளக்க வேண்டும்.

போர் தின்ற வீடுகள்

உலகின் வேறு பல நாடுகளின் பரிசோதகர்களுக்குத் தேவைப்படாத ஓர் அத்தியாயம் நமக்குண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளும், வலிகாமம் வடக்கு முதல் வன்னி வரை இடம்பெயர்ந்த தமிழர்களின் வீடுகளும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. ஓடும் மரமும் கதவு நிலைகளும் கழற்றப்பட்டபின் சுவர்கள் மட்டுமே எஞ்சின. அச்சுவர்களை வைத்து மீண்டும் கூரை போடலாமா என்ற கேள்வி, திரும்பிச் சென்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முன் எழுந்தது, இன்றும் எழுகின்றது.

கூரையில்லாத சுவரின் உச்சி வழியே மழைநீர் இறங்குவதால், சாந்து மேலிருந்து கீழாகக் கரைந்திருக்கும். மேல்வரிசைக் கற்களைக் கையால் அசைத்துப் பார்த்தால் நிலை தெரியும். அரசும் ஆலும் சுவருக்குள் வேரோடியிருந்தால், தண்டை வெட்டுவதால் மட்டும் பயனில்லை; வேர் மீண்டும் துளிர்க்கும், அல்லது உக்கி உள்ளே வெற்றிடத்தை விடும். எரியுண்ட வீடாயின் கொங்கிறீற்றின் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் வெந்த கொங்கிறீற் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக மாறும். அது தன் வலுவில் ஒரு பகுதியை இழந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எறிகணைச் சிதறல் பட்ட தூணில் ஓட்டையை அடைத்துப் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே கம்பி அறுந்திருப்பின் தூண் பெயரளவிலேயே தூணாகும். இத்தகைய வீட்டை வாங்குவோர், அது போர்க்காலத்தில் எந்நிலையில் இருந்தது என்பதை அயலவரிடம் விசாரித்தறிவது உறுதி பார்ப்பதற்கு ஒப்பான கடமையாகும். நெடுங்காலம் பற்றை மூடிய வளவாயின், கண்ணிவெடி அகற்றப்பட்டமையையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

புதிய வீடும் நோயின்றி இல்லை

புதிய வீடென்றால் குறையிராது என்ற நம்பிக்கையும் சரியானதன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய சுனாமிக்குப் பின் கரையோரங்களில் பெருந்தொகையான வீடுகள் குறுகிய காலத்திற் கட்டப்பட்டன. போருக்குப் பின் இந்திய அரசின் நிதியுதவியுடனான 50,000 வீட்டுத் திட்டத்தில், வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணைகளாக வழங்கப்பட, பயனாளிகளே கட்டுமானத்தைப் பொறுப்பேற்றனர். தன் வீட்டைத் தானே முன்னின்று கட்டியவர் கல்லையும் மணலையும் கவனித்து வாங்கினார் என்பது இம்முறையின் நன்மை. ஆயினும் பொருட்களின் விலை ஏற, பணம் போதாமல் சீமெந்தைக் குறைத்தவர்களும், பூச்சின்றியே குடிபுகுந்தவர்களும் உளர்.

இக்காலத்து வீடுகளில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது சீமெந்துக் கல்லின் தரம். பூசப்படாத இடத்தில் ஆணியாற் கீறும்போது கல் மணலாக உதிர்ந்தால் கலவையிற் சீமெந்து குறைவு. இரண்டாவது உப்பு. கழுவப்படாத கடல் மணலோ உவர் நீரோ கலந்திருந்தால் வெண்ணிற உப்பு சுவரிற் பூக்கும். பத்து, பதினைந்து ஆண்டுகளிலேயே கம்பி துருப்பிடித்துவிடும். மூன்றாவது கூரை சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளதா என்பது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைத் தூக்கியெறிந்ததை அங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். சுவரின் உச்சியிலுள்ள கொங்கிறீற் வளையத்தில் பதித்த கம்பிகளால் கூரை மரம் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பாரம் மட்டுமே கூரையைத் தாங்கிப் பிடித்திருக்குமாயின், காற்று அதைத் தூக்கிவிடும்.

ஆளில்லாத வீடும் மூப்படைகின்றது. சவூதி அரேபியாவின் நிதியில் சுனாமிக்குப் பின் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள், சட்டச் சிக்கலினால் ஒரு பத்தாண்டுக்கும் மேலாகக் குடியமர்த்தப்படாமல் கிடந்து, காடு மூடிச் சிதைந்த வரலாறு அதற்குச் சான்றாகும்.

வீட்டைத் தாங்கும் நிலம்

வீட்டின் வயது எதுவாயினும் நிலத்தையும் நீரையும் பார்க்காத பரிசோதனை முழுமையடையாது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே பொதுவாக 50 அடிக்குக் குறையாத தூரம் வேண்டும் என்பர். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கற் பாறையில் நீர் வெடிப்புகள் வழியே விரைந்து ஓடுவதால் அத்தூரமும் போதாதிருக்கலாம். ஆகவே அயல் வீட்டாரின் மலக்குழியையும் கணக்கிற் கொண்டு, நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதே உசிதம்.

மலையகத்தில் கேள்வி இன்னும் கடுமையானது. பிரித்தானியர் காலத்து லயன் வரிசைகள் பல நூறாண்டைக் கடந்தவை. அவற்றில் வாழ்வோர் உரிமையாளராக இல்லாமையால், திருத்தவும் இயலாது, விட்டுச் செல்லவும் இடமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைவதற்கு முன்னரே அவ்விடத்தின் ஆபத்து அறியப்பட்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது மலையகத்தின் மண்சரிவுகளும் நாடெங்கும் பெருகிய வெள்ளமும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன. சரிவான நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் மின்கம்பமும், திடீரெனத் தோன்றும் கலங்கிய ஊற்று ஆகியவை வீட்டுச் சுவரைவிட முந்திப் பேசும் சாட்சிகள். அத்தகைய இடங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையின்றி வாங்குவதும் கட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். அறிக்கை மட்டும் போதாது என்பதும், ஆபத்து என்று அறியப்பட்டபின் மாற்றிடம் தரும் கடமை அரசுக்குண்டு என்பதும் மீரியபெத்தை புகட்டிய பாடமாகும்.

செய்ய வேண்டியவை

கடன் வழங்கும் வங்கி மதிப்பீட்டாளரை அனுப்புகின்றதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். மதிப்பீட்டாளர் பார்ப்பது, கடன் தவறினால் வங்கிக்கு எவ்வளவு மீளும் என்பதையாகும். கூரை மரம் உக்கியிருப்பதனால் காணியின் விலை குறைந்துவிடுவதில்லை. வாங்குபவரின் நலனுக்காகப் பார்ப்பவர் ஒருவர் தேவை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நம்மிடம் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் உளர். தொழில்நுட்பக் கல்லூரிகளில் பயின்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்களும் உளர். பிரதேச சபைகளும் நகர சபைகளும் நியாயமான கட்டணத்தில், எழுத்துமூல அறிக்கையுடன் கூடிய வீட்டுப் பரிசோதனைச் சேவையொன்றைத் தொடங்கலாம். வங்கிகள் வீட்டுக் கடனுக்கான ஆவணங்களில் இவ்வறிக்கையையும் சேர்க்கலாம். புலம்பெயர்ந்தோர் நிதியில் கட்டப்படும் வீட்டுத் திட்டங்கள், கையளிக்கப்படும் நாளில் மட்டுமன்றி ஐந்தாம், பத்தாம் ஆண்டுகளிலும் பரிசோதிக்கப்பட வேண்டும். சீதனமாக வீடு எழுதும் பெற்றோரும், உறுதி முடிக்குமுன் ஒரு பரிசோதனையைச் செய்வித்தால், பிற்காலத்தில் மகளின் குடும்பத்துக்குச் சுமையும் உறவுக்குள் மனஸ்தாபமும் ஏற்படாமல் தடுக்கலாம்.

அதுவரை ஒவ்வொருவரும் தாமே செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டை ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை மழையிலும் பாருங்கள். தளபாடங்களை நகர்த்திச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். கூரைக்குள் விளக்குடன் ஒருவரை ஏற்றுங்கள். எந்த ஆண்டு கட்டப்பட்டது, யார் கட்டினார், எப்போது மாடி சேர்க்கப்பட்டது, அனுமதி வரைபடமும் இணக்கச் சான்றிதழும் உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. நேர்மையான விற்பனையாளர் மறைக்கவும் மாட்டார். பரிசோதனையிற் குறைகள் வெளிப்பட்டால் அவ்வீட்டைக் கைவிட வேண்டும் என்பதில்லை. குறையற்ற வீடு எங்குமில்லை. திருத்துவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை அறிந்து, அதை விலையிற் கழித்து வாங்கலாம். வாங்கிய பின் தெரியவரும் குறைக்கோ முழு விலையையும் நாமே கொடுக்க நேரும். நிழல்தட்டின் கீழ் நிற்பவர்கள் சில வேளை அதைவிடக் கூடிய விலையைக் கொடுக்க நேரும்.